கிரிட்ஸ் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களுக்குக் குடிவந்த நம்மவர்கள் பலர் கிரிட்ஸை, அதாவது மக்காச்சோள ரவையில் கிண்டும் கஞ்சியை, முதலில் பார்ப்பது ஹோட்டல் காலை உணவு வரிசையில்தான். பெரிய பாத்திரத்தில், மேலே ஆடை படிந்து, உப்பும் வெண்ணெயும் இல்லாமல் இருக்கும். ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு இது நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்புறம் ஆசைப்பட்டு வீட்டில் செய்து பார்த்தால் நறநறவென்று இருக்கிறது, இல்லையென்றால் கட்டி தட்டுகிறது, இல்லையென்றால் அடிப்பிடிக்கிறது. தென் கரோலினா 1976லும் ஜார்ஜியா 2002லும் தங்கள் மாநில உணவாகவே அறிவித்துக்கொண்ட ஒன்று இவ்வளவு சுமாராக இருக்க முடியாது, இல்லையா? நன்றாகச் செய்த கிரிட்ஸ் மிக நல்ல சாப்பாடு.

கீழே இருக்கும் கோளாறுகளில் பாதிக்கு மேல் ஒரே காரணத்தால் வருபவை: கிரிட்ஸ் கெட்டியாவது ஒரு நேரத்தில், வேகுவது வேறொரு நேரத்தில். மக்காச்சோள மாவுச்சத்து ஏறக்குறைய 62 முதல் 72 டிகிரி செல்சியஸில் தண்ணீரை இழுத்து உப்புகிறது. ரவையோடு கலந்திருக்கும் நுண்ணிய மாவு சில நிமிடங்களில் அந்தச் சூட்டை அடைந்து மொத்தத்தையும் கெட்டியாக்கிவிடும், ஆனால் பெரிய குருணைகளின் நடுவில் அப்போது தண்ணீர் போயே இருக்காது. ரவை உப்புமா கிண்டிப் பழகிய கை, கெட்டியானதும் அடுப்பை அணைத்துவிடும். கிரிட்ஸில் அங்கேதான் சமையலே தொடங்குகிறது.

எதற்கும் முன்னால், கையில் இருப்பது எந்தப் பாக்கெட்?

இதைப் பார்க்காமல் எந்தத் திருத்தமும் சொல்ல முடியாது. இன்ஸ்டன்ட் என்று போட்டிருந்தால் அது ஏற்கெனவே வேகவைத்து உலர்த்தியது, வெந்நீர் ஊற்றினால் போதும், அதிலிருந்து பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். குயிக் என்பது பொடியாக அரைத்தது, பாக்கெட்டில் 5 நிமிடம் என்று இருக்கும். ரெகுலர் கொஞ்சம் பருமன், 15 முதல் 20 நிமிடம். ஸ்டோன் கிரவுண்ட் என்பது கல் இயந்திரத்தில் அரைத்தது, முளைக்கருவும் கொஞ்சம் தோலும் சேர்ந்தே இருக்கும், 45 நிமிடத்துக்குக் குறையாது, பல சமயம் ஒரு மணி நேரம் தாண்டும். ஸ்டோன் கிரவுண்டை வாங்கிவிட்டு குயிக் பாக்கெட்டின் நேரத்தில் சமைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

ஹோமினி கிரிட்ஸ் தனி ரகம். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு போன்ற காரம் கலந்த நீரில் வேகவைத்துத் தோல் நீக்கி, உலர்த்தி அரைப்பது. இது பூர்வகுடி அமெரிக்கர்களின் முறை, இதனால் மக்காச்சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற பி வைட்டமின் உடம்புக்குக் கிடைக்கிறது. அந்த முறையை விட்டுவிட்டு வெறும் மக்காச்சோளத்தையே நம்பிச் சாப்பிட்ட தெற்கத்திய ஏழைகளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாக்ரா நோய் வாட்டியது. அது தொற்றுநோய் இல்லை, உணவுக் குறைபாடு என்று நிறுவப் போராடியவர் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர். இன்றைய சாதாரணப் பாக்கெட்டுகளில் என்ரிச்டு என்று அச்சிட்டிருப்பதற்கு இதுதான் பின்னணி, அதில் நியாசினும் இரும்புச்சத்தும் சேர்த்திருக்கிறார்கள். அதனால் அந்த வகையை அரிசி மாதிரி கழுவாதீர்கள், சேர்த்த சத்து தண்ணீரோடு போய்விடும். கழுவ வேண்டியது ஸ்டோன் கிரவுண்டை மட்டும், அது பற்றிக் கீழே வருகிறது.

வாயில் நறநறவென்று இருக்கிறது

வேகவில்லை, அவ்வளவுதான். ஒரு குருணையை நாக்குக்கும் மேல் அண்ணத்துக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பாருங்கள், நடுவில் சின்னதாக ஒரு கடினம் தட்டுப்பட்டால் இன்னும் நேரம் வேண்டும். பார்வைக்கு மொத்தமும் கெட்டியாகி, கரண்டி நிற்கிற மாதிரி இருந்தாலும் ஏமாறாதீர்கள்.

சரிசெய்ய, ஒரு கப் ரவைக்கு அரை கப் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அடுப்பை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, மூடி போட்டு 15 நிமிடம் விடுங்கள், நடுவில் ஓரிரு முறை அடியோடு கிளறிவிடுங்கள். மறுபடி நசுக்கிப் பாருங்கள். இன்னும் கடினம் இருந்தால் மறுபடி அதே அரை கப், அதே 15 நிமிடம். தண்ணீர் அதிகமாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம், வேகாத குருணை அதை இழுத்துக்கொள்ளும், மிஞ்சினால் கடைசியில் மூடியைத் திறந்து வற்றவிடலாம். குயிக் பாக்கெட்டுக்கும் இது பொருந்தும். 5 நிமிடம் என்று போட்டிருந்தாலும் மூடி போட்டு இன்னொரு 10 நிமிடம் சிம்மில் விட்டுப் பாருங்கள், அதே பாக்கெட்டா என்று கேட்பீர்கள்.

அடுத்த முறைக்கு: ஸ்டோன் கிரவுண்டை முந்தின இரவே அளந்த தண்ணீரில் ஊறப்போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் அதே தண்ணீரோடு அடுப்பில் ஏற்றினால் வேகும் நேரம் நன்றாகவே குறையும். வேலை நாளில் ஸ்டோன் கிரவுண்ட் சாப்பிட வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வழி இல்லை.

ஒரு விஷயம் மட்டும் வேறு. எல்லாம் மெத்தென்று வெந்திருக்க, அங்கங்கே மெல்லிய செதில் மாதிரி பல்லில் ஒட்டினால் அது வேகாத குருணை இல்லை, தோல். எவ்வளவு நேரம் வைத்தாலும் தோல் கரையாது. சமைப்பதற்கு முன் ரவையைப் பாத்திரத்தில் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு சுற்றுக் கலக்கிவிட்டு ஒரு நிமிடம் விடுங்கள். ரவை அடியில் தங்கும், தோல் மேலே மிதக்கும், சின்ன வடிகட்டியால் அதை அள்ளி எடுத்துவிடலாம். மிதப்பது குறையும்வரை இரண்டு மூன்று தடவை செய்தால் போதும்.

கருப்புப் புள்ளிகள் தெரிகின்றன

பூச்சியோ தீய்ந்ததோ இல்லை. மக்காச்சோள மணி கதிரோடு ஒட்டியிருக்கும் நுனியில் கரிய படலம் ஒன்று உண்டு, கல்லில் அரைக்கும்போது அதுவும் சேர்ந்து வரும். சாப்பிடலாம். ஆனால் புள்ளி நகர்ந்தால் அது வண்டு, அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள்.

கட்டி தட்டிவிட்டது

கொதிக்கிற தண்ணீரில் ரவையை மொத்தமாகக் கொட்டினால் வெளிப்புறம் உடனே பசையாகி உள்ளே உலர்ந்த மாவைப் பூட்டிவிடும். அடுப்பிலேயே இருக்கிறது, கட்டியும் சின்னதுதான் என்றால் கரண்டியை வைத்துவிட்டு விஸ்க் (கம்பி மத்து) எடுத்து அடியுங்கள், பெரிய கட்டிகளைப் பாத்திரத்தின் ஓரத்தில் மரக்கரண்டியால் அழுத்தி உடையுங்கள். ரொம்ப மோசம் என்றால் பெரிய கண் வடிகட்டியில் தேய்த்து எடுக்கலாம். மிக்ஸியிலோ பிளெண்டரிலோ மட்டும் போடாதீர்கள். கட்டி போகும், ஆனால் மாவுச்சத்து சிதைந்து கோந்து மாதிரி இழுக்கும், அதைத் திருப்ப வழி இல்லை.

கட்டியே வராமல் செய்ய இரண்டு வழி. கொதிக்கும் தண்ணீரில் ஒரு கையால் ரவையை மெல்லத் தூவிக்கொண்டே மறுகையால் விஸ்க் சுற்றுவது ஒன்று. பச்சைத் தண்ணீரிலேயே ரவையைக் கலந்து, கொதி வரும்வரை விடாமல் கிளறுவது இன்னொன்று. ஸ்டோன் கிரவுண்டுக்கு எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், முதல் கொதி வரை அடுப்படியை விட்டு நகராமல் இருந்தால் கட்டி என்ற பேச்சே இருக்காது. கொதி வந்து கெட்டியாகத் தொடங்கிய பிறகு அவ்வப்போது கிளறினால் போதும்.

அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை வருகிறது

முதலில் செய்யக் கூடாதது: அடியைச் சுரண்டாதீர்கள். சுரண்டினால் கருகியது மேலே கலந்து மொத்தமும் போய்விடும். உடனே அடுப்பிலிருந்து இறக்கி, அடியைத் தொடாமல் மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். தீய்ந்த ருசி ஏறவில்லை என்றால் கொஞ்சம் வெந்நீர் சேர்த்து அங்கேயே வேகவிடலாம். ஏறிவிட்டது என்றால் சீஸோ பூண்டோ எதைப் போட்டாலும் மறையாது, புதிதாக வையுங்கள்.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். பாத்திரம் மெல்லியது, அல்லது தீ அதிகம், அல்லது தொடக்கத்திலிருந்தே பாலில் வேகவைத்தீர்கள். பாலின் புரதம் அடியில் படிந்து சீக்கிரம் கருகும். முக்கால் பங்கு நேரம் தண்ணீரில் வேகவைத்து, கடைசிப் பதினைந்து நிமிடத்தில் சூடான பாலோ கிரீமோ சேர்ப்பது பாதுகாப்பு. அடி கனமான பாத்திரம், குறைந்த தீ, தட்டையான முனை உள்ள மரக்கரண்டி, இவ்வளவு இருந்தால் போதும். தீயைக் குறைக்க இன்னொரு காரணமும் உண்டு: கெட்டியான கிரிட்ஸ் கொதிக்கும்போது குமிழி வெடித்துக் கையில் தெறிக்கும், ஒட்டிக்கொண்டே சுடும், காயம் ஆழமாகப் படும். அப்படித் தெறிக்கிறது என்றாலே தீ அதிகம் என்று பொருள்.

சப்பென்று இருக்கிறது

உப்பைக் கடைசியில் போட்டிருப்பீர்கள். குருணை தண்ணீரை உள்ளே இழுக்கும்போதே உப்பும் கூடப் போக வேண்டும், பிறகு போட்டால் வெளிக்குழம்பு உப்பாகவும் உள்ளே ஒன்றுமில்லாமலும் இருக்கும். ஒரு கப் ரவை, நான்கு கப் தண்ணீர், ஒரு டீஸ்பூன் தூள் உப்பு என்று தொடங்குங்கள். பின்னால் சீஸ் சேர்ப்பதாக இருந்தால் முக்கால் டீஸ்பூன் போதும். ஏற்கெனவே வெந்ததைத் தேற்ற, உப்பு சேர்த்த வெண்ணெயைப் போட்டுக் கலக்கி, கொஞ்சம் வெந்நீரோடு 5 நிமிடம் சிம்மில் விடுங்கள்.

உப்பா சர்க்கரையா என்று தெற்கில் பெரிய வழக்கே நடக்கும். கிரிட்ஸில் சர்க்கரை என்றாலே முகம் சுளிப்பவர்கள் ஏராளம், வெண்ணெயும் சர்க்கரையும் போட்டே வளர்ந்த வீடுகளும் உண்டு. உங்கள் கிண்ணம், உங்கள் விருப்பம். ஆனால் சர்க்கரை போடுவதாக இருந்தாலும் வேகும் தண்ணீரில் கொஞ்சமாவது உப்பு இருக்கட்டும்.

கசக்கிறது, அல்லது பழைய எண்ணெய் வாடை

சிக்கு வாடை. ஸ்டோன் கிரவுண்டில் முளைக்கருவின் எண்ணெய் இருப்பதால் அலமாரியில் வைத்தால், அதுவும் ஜார்ஜியா கோடைச் சூட்டில், சீக்கிரம் கெட்டுவிடும். இதைச் சமைத்துச் சரிசெய்ய முடியாது. வாங்கிவந்த அன்றே காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள், வண்டுக்கும் அதுவே தீர்வு. உறைந்த ரவையை அப்படியே தண்ணீரில் போடலாம். முளைக்கரு நீக்கிய குயிக், ரெகுலர் பாக்கெட்டுகள் அலமாரியிலேயே இருக்கலாம்.

தண்ணீராக ஓடுகிறது, அல்லது களி மாதிரி நிற்கிறது

ஓடினால் பதறி உலர்ந்த ரவையை மேலே தூவாதீர்கள், அது வேகாமல் நறநறக்கும். மூடியைத் திறந்து 5 முதல் 10 நிமிடம் குறைந்த தீயில் கிளறுங்கள், பிறகு இறக்கி 5 நிமிடம் சும்மா விடுங்கள். ஆற ஆற இன்னும் இறுகும் என்பதால் அடுப்பில் இருக்கும்போது உங்களுக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் தளர்வாக இருப்பதுதான் சரி. களியாக நின்றால் சூடான தண்ணீரோ பாலோ கால் கால் கப்பாக ஊற்றி விஸ்க்கால் அடியுங்கள். ஃபிரிட்ஜ் பாலை நேராக ஊற்றினால் இறுகிக் கட்டி தட்டும்.

சீஸ் போட்டதும் எண்ணெய் பிரிந்தது, நூல் நூலாக இழுக்கிறது

கொதித்துக்கொண்டிருக்கும்போது போட்டிருக்கிறீர்கள். சீஸில் சூடு மிஞ்சினால் புரதம் இறுகிக் கொழுப்பைத் துப்பிவிடும். அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடம் கழித்து, துருவிய செடார் சீஸைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்துக் கலக்குங்கள். கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள், துருவியே விற்கும் பாக்கெட்டில் ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பதால் சீராக உருகாது. பிரிந்துவிட்டதை ஒரு கரண்டி வெந்நீர் விட்டு வேகமாக அடித்தால் ஓரளவு சேரும்.

மேஜைக்குப் போவதற்குள் இறுகி ஆடை படிகிறது

விருந்தாளிகள் வரும் நாளில் இதுதான் பெரிய தலைவலி. சரியான பதத்தில் இறக்கி வைத்திருப்பீர்கள், முட்டை பொரித்துவிட்டுத் திரும்பினால் பாளமாகக் கிடக்கும். பாத்திரத்தை இன்னொரு அகலப் பாத்திரத்தில் கொதிக்கும் நீருக்குள் இறக்கி, மூடி போட்டு, தீயை மிகக் குறைவாக வையுங்கள். மேலே கொஞ்சம் வெண்ணெய் உருக விட்டால் ஆடை படியாது. பரிமாறுவதற்கு முன் வெந்நீர் விட்டு ஒருமுறை அடித்துக்கொள்ளுங்கள். இப்படி இரண்டு மணி நேரம் தாங்கும், சூடு 60 டிகிரிக்குக் கீழே போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கிண்ணங்களையும் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கித் துடைத்துவிட்டுப் பரிமாறுங்கள், குளிர்ந்த பீங்கானில் விழுந்த நொடியே ஓரம் இறுகும்.

எதனோடு பரிமாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதமும் மாறும். முட்டை, பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி), வெண்ணெய் என்றால் தளர்வாக இருக்கலாம். இறால் கிரிட்ஸ் என்றால் குழம்பின் நீர் இறங்குவதால் கிரிட்ஸ் ஒரு படி கெட்டியாக, குவித்தால் மெல்லப் பரவுகிற அளவில் இருக்க வேண்டும். நிறையப் பேருக்கு இறால் கிரிட்ஸ் சொதசொதவென்று போவது இதை விட்டுவிடுவதால்தான். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் பக்கத்துக் கடலோரத்தில் இது மீனவர் வீட்டுக் காலைச் சாப்பாடு. வட கரோலினாவில் சேப்பல் ஹில் ஊரின் குரூக்ஸ் கார்னர் உணவகத்தில் சமையற்கலைஞர் பில் நீல் சீஸ் கிரிட்ஸ் மேல் இறால், பேக்கன், காளான் எல்லாம் போட்டுப் பரிமாற, 1985இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் உணவு எழுத்தாளர் கிரெய்க் கிளெய்போர்ன் எழுதியபின் நாடு முழுக்கப் பரவியது. இறாலைக் கடைசியில் போடுங்கள், கிரிட்ஸ் கிண்ணத்தில் விழுந்த பிறகு இறால் சட்டியை இறக்கினால் சரியாக இருக்கும். முதலில் இறாலைச் செய்துவிட்டுக் கிரிட்ஸுக்காகக் காத்திருந்தால் இறால் ரப்பராகிவிடும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குக் காளான் வதக்கல், தக்காளி கிரேவி, பொரித்த வெண்டைக்காய் எல்லாமே தெற்கில் வழக்கமாகக் கிடைப்பவைதான். உணவகத்தில் மட்டும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கிரிட்ஸைக் கோழிச் சாற்றில் வேகவைப்பவர்கள் உண்டு, பக்கத்தில் வரும் காலர்ட் கீரையில் பெரும்பாலும் பன்றி எலும்பு போட்டிருப்பார்கள்.

பிரஷர் குக்கரில் வைத்தால் அடைக்கிறது, கருகுகிறது

நேராகக் குக்கரில் போடாதீர்கள், நுரைத்து வெயிட் துவாரத்தை அடைக்கும். குக்கரில் ஒன்றரை கப் தண்ணீர், உள்ளே ஒரு பாத்திரத்தில் அரை கப் ஸ்டோன் கிரவுண்ட், இரண்டு கப் தண்ணீர், உப்பு. பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. எலெக்ட்ரிக் குக்கரில் ஹை பிரஷரில் 15 நிமிடம், பிரஷர் தானாக இறங்கட்டும். திறந்ததும் மேலே தண்ணீரும் கீழே கட்டியுமாகத் தெரியும், கெட்டுப்போகவில்லை, விஸ்க்கால் ஒரு நிமிடம் அடித்தால் ஒன்றுசேரும்.

மிஞ்சியது ஃபிரிட்ஜில் செங்கல்லாகிவிட்டது

அது இயல்பு, ஆறிய மாவுச்சத்து இறுகத்தான் செய்யும். கிரிட்ஸாகவே வேண்டுமென்றால் துண்டு துண்டாக உடைத்து, ஒரு கப்புக்குக் கால் கப் பாலோ தண்ணீரோ விட்டு, மூடி போட்டுக் குறைந்த தீயில் சூடாக்கி, உருளைக்கிழங்கு மசிக்கும் கரண்டியால் மசித்துவிட்டு விஸ்க்கால் அடியுங்கள். தீயைக் கூட்டி அவசரப்படுத்தினால் கட்டி கட்டியாகவே நிற்கும்.

ஆனால் நான் அதைப் பொரிக்கத்தான் சொல்வேன். சூடாக இருக்கும்போதே மிஞ்சியதை எண்ணெய் தடவிய தட்டில் இரண்டு செண்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் வில்லைகளாக வெட்டி, ஈரத்தைத் துடைத்து, மைதா தூவி, எண்ணெய் நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் போடுங்கள். உடைகிறது என்றால் ஒன்று கிரிட்ஸ் தளர்வாக இருந்திருக்கிறது, இல்லை மொறுமொறுப்பு பிடிக்கும் முன்னால் திருப்பிவிட்டீர்கள். தானாகச் சட்டியை விட்டுக் கழலும்வரை தொடாதீர்கள், நான்கைந்து நிமிடம் ஆகும். மேலே சோளத் தட்டைச் சாற்றில் காய்ச்சிய சோர்கம் பாகு விடுவது தெற்கத்திய வழக்கம். காரமாக வேண்டுமென்றால் தக்காளிச் சட்னியும் பொருந்தும்.

பாத்திரத்தில் ஒட்டியது வரவில்லை

வெந்நீரில் தேய்த்தால் பசையாகி ஸ்பாஞ்சில் ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் ஏடாகப் பெயர்ந்து வரும், அதைக் குப்பையில் போடுங்கள், சிங்க் குழாயில் விட்டால் அங்கேயும் இறுகி அடைக்கும்.